எண்ணெய்க்குள் ஓடும் பெல்ட்: நுகர்வோர் அதிகார சபைக்கு ஒரு திறந்த மடல்

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தேத்தண்ணி வடித்து முடிந்ததும் வடியில் சக்கை நிற்குமே, அப்படித்தான் இருந்தது. தெமட்டகொடையில் ஒரு கராஜ். காரைத் தூக்கி, அடியில் இருக்கும் ஒயில் தட்டைக் கழற்றி, ஒயில் பம்ப் உறிஞ்சுகிற வாயில் இருந்த வடியை எடுத்துப் பழைய பத்திரிகை ஒன்றின் மேல் தட்டினார் மெக்கானிக் நானா. கறுப்புக் கறுப்பாகத் தூள் கொட்டியது. ஒரு துணுக்கை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்தேன். நசுங்கவில்லை, இழுபட்டது. ரப்பர்.

"இது எங்க இருந்து வந்த என்டு தெரியுமா தங்கச்சி? உங்கட டைமிங் பெல்ட், இஞ்சின் வால்வுகள நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற பட்டி. ஒயிலுக்குள்ளயே ஓடுற பெல்ட். கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்து இங்க வந்து அடைச்சிருக்கு."

"ஒயில் பட்டா பெல்ட் பழுதாகிடும் என்றுதானே சொல்லுவாங்க நானா?"

"அத காரை வித்த ஆளிட்ட கேளுங்க."

கேட்டேன். விற்றவர் சொன்ன பதிலைக் கீழே எழுதுகிறேன். அந்தப் பதில்தான் இந்த மடலுக்குக் காரணம்.

முதலில் என் வாகனம். மூன்று சிலிண்டர், ஒரு லீட்டருக்குச் சற்றுக் குறைந்த டேர்போ பெற்றோல் இஞ்சின். 2018இல் செய்தது. இறக்குமதி நின்றிருந்த காலத்தில், 2023இல், கொழும்புக்குச் சற்று வெளியே ஒரு கார் சேலில் வாங்கினேன். எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்று இங்கே எழுதப் போவதில்லை. என் ஒரு காருக்காக நான் எழுதவில்லை. வாங்கும்போது மீற்றரில் 62,000 கிலோமீற்றர். நான் கணக்காளர் என்பதால் காகிதமெல்லாம் ஒழுங்காகப் பார்த்தேன்: பதிவுப் புத்தகம், புகைப் பரிசோதனை, லீசிங் விடுவிப்பு. இஞ்சினைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "டைமிங் பெல்ட் மாத்த வேணுமா?" "இல்ல மிஸ், இது செயின். வாழ்நாளுக்கும் தொடத் தேவையில்ல."

செயின் என்றால் பெல்ட்டுக்குப் பதிலாக இரும்புச் சங்கிலி. அந்தச் சொல்லுக்குக் கொழும்பில் தனி மதிப்பு உண்டு. டொயோட்டா எக்ஸியோ, எலியன் ஓட்டிப் பழகிய ஊர் இது. அவற்றில் இருந்த 1497 சிசி இஞ்சின் செயினில் ஓடியது. ஒயிலை மட்டும் ஒழுங்காக மாற்றினால் போதும், இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடினாலும் முணுமுணுக்காது. அதனால் "செயின்" என்று சொன்னால் நாங்கள் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

இந்தச் சின்ன டேர்போ வேறு சாதி. அந்த 1.5 லீட்டர் இஞ்சின் தன் முழு முறுக்குவிசையான (தண்டைச் சுழற்றும் பலம்) 141 நியூட்டன் மீற்றரைக் கொடுக்க நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு மேலே போக வேண்டும். ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட், 125 குதிரைவலு வடிவத்தில், 1400 சுற்றிலேயே 170 நியூட்டன் மீற்றரைத் தந்துவிடும். ஹொண்டா சிவிக்கின் 988 சிசி இஞ்சின் மெனுவல் கியரில் 200 வரை கொடுக்கும். வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சின்ன விசிறியைச் சுழற்றி, அதே தண்டின் மறுபக்க விசிறியால் காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் தள்ளுவதுதான் இந்த வித்தை. அந்தத் தண்டு நிமிடத்துக்கு இரண்டு இலட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது ஒயில் படலம் மட்டும்தான். ஒயில் நின்றால் முதலில் சாவது டேர்போ. ஓட்டிப் பார்த்தபோது எனக்கும் பிடித்துத்தான் போனது, மறுக்கவில்லை. பம்பலப்பிட்டி சந்தியில் பச்சை விழுந்ததும் பஸ்ஸுக்கு முன்னால் போய்விடலாம்.

ஏன் இவ்வளவு ஒரு லீட்டர் டேர்போக்கள் இந்த ஊருக்குள் வந்தன? வரிதான். இறக்குமதியாகும் காருக்கு உற்பத்தித் தீர்வை இஞ்சினின் கன அளவைப் பார்த்துப் போடப்படுகிறது. முதல் கோடு 1000 சிசி. டொயோட்டா ரைஸ் 996, வொக்ஸ்வாகன், அவுடியின் ஒரு லீட்டர் 999, ஹொண்டா 988. சப்பாத்துக் கடை விலைச்சீட்டு மாதிரி எல்லாம் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே. எங்களுக்காக யாரும் அப்படிச் செய்யவில்லை, அவர்கள் நாட்டுக் கணக்கு அவர்களுக்கு. ஆனால் சிலிண்டர் அளவை மட்டும் பார்க்கிற ஒரு வரிமுறை, எந்த இஞ்சின் இந்த ஊருக்குப் பொருந்தும் என்று பார்க்காமலே, எங்களை ஒரு வகை இஞ்சினின் பக்கம் தள்ளிவிட்டது. அது உங்கள் சபையின் வேலை அல்ல, திறைசேரியின் வேலை. அதை அங்கேயே விடுகிறேன்.

எல்லா டேர்போவும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரைஸின் இஞ்சினில் செயின். வொக்ஸ்வாகனின் ஒரு லீட்டரில் பெல்ட்தான், ஆனால் வெளியே, உலர்ந்த இடத்தில் ஓடுகிற பெல்ட். பிரச்சினை மூன்றாவது வகையில். ஃபோர்டின் ஆரம்பகால 1.0 ஈகோபூஸ்ட், பெஜோவின் 1199 சிசி பியூர்டெக், ஹொண்டாவின் 1.0 ஆகியவற்றில் டைமிங் பெல்ட் இஞ்சினுக்குள்ளேயே, ஒயிலில் நனைந்தபடி ஓடுகிறது. செயினைவிட உராய்வு குறைவு, சத்தம் குறைவு, எரிபொருள் கொஞ்சம் மிச்சம் என்பது அதன் நியாயம். முட்டாள்தனமான வடிவமைப்பு என்று நான் சொல்லவில்லை. ஃபோர்டின் அந்த இஞ்சின் 2012, 2013, 2014 என்று மூன்று வருடம் தொடர்ந்து உலகின் சிறந்த இஞ்சின் விருதை வாங்கியது.

ஆனால் அந்த பெல்ட் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் அது குளிக்கிற ஒயில் சுத்தமாக, சரியான வகையாக இருக்க வேண்டும். இந்த இஞ்சின்களில் பெற்றோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது. எரியாத கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலோடு சேரும். பெற்றோல் கலந்த ஒயில் ரப்பரை ஊதச் செய்யும். ஊதிய பெல்ட் ஓரங்களில் உதிரும். உதிர்ந்த தூள் கீழே போய் பம்பின் வடியை அடைக்கும். அமுக்கம் குறையும். நான் பத்திரிகைத் தாளில் பார்த்தது அதைத்தான். பெஜோவில் இந்த ஊதலை அளப்பதற்கென்றே ஒரு அளவுகோல் இருக்கிறது. ஒயில் ஊற்றும் துவாரத்தினூடாக பெல்ட்டின் அகலத்தில் வைத்துப் பார்ப்பார்கள், அதற்குள் அடங்காவிட்டால் பெல்ட்டை மாற்ற வேண்டும். எங்கள் ஊரில் எத்தனை கராஜில் அந்த அளவுகோல் தொங்குகிறது?

இது உலகத்துக்குத் தெரியாத ரகசியமும் அல்ல. பியூர்டெக் இஞ்சினுக்கு அந்தக் கம்பெனி 2024இல் ஐரோப்பாவில் உத்தரவாதத்தை 10 வருடம் அல்லது 175,000 கிலோமீற்றர் வரை நீட்டியது. ஃபோர்ட் 2023 கடைசியில் அமெரிக்காவில் ஏறக்குறைய 140,000 ஒரு லீட்டர் கார்களைத் திருப்பி அழைத்தது. அங்கே பழுதானது ஒயில் பம்பை ஓட்டுகிற பெல்ட்டின் இறுக்கி. ஹொண்டாவின் 1.5 டேர்போவில் பெற்றோல் ஒயிலோடு கலந்து மட்டம் ஏறியதற்காக 2018இல் சீனாவில் திருப்பி அழைப்பு நடந்தது. அது முக்கியமாகக் குளிர் பிரதேசச் சிக்கல், கொழும்பில் அந்தக் குளிர் இல்லை. அப்படிச் சொல்லி ஆறுதல்படலாம்தான்.

எங்களுக்கு வேறு வியாதி. வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு எட்டு கிலோமீற்றர். காலையில் காலி வீதியில் முக்கால் மணிநேரம். அந்தக் கணக்கில் 10,000 கிலோமீற்றர் ஓட இஞ்சின் 900 மணிநேரத்துக்கு மேல் வேலை செய்கிறது. அறுபதில் ஓடுகிறவனுக்கு அதே 10,000க்கு 170 மணிநேரம்கூட ஆகாது. சேர்விஸ் புத்தகம் கிலோமீற்றரை மட்டும் பார்க்கிறது. மீற்றர் சின்னப் பிள்ளை மாதிரி 62,000 என்று சிரிக்கும், உள்ளே இஞ்சின் கிழடாகியிருக்கும். சிலர் சொல்லுவார்கள், அதிவேகப் பாதையில் இருந்து இறங்கினால் உடனே இஞ்சினை நிறுத்தாதே, டேர்போ ஆற ஒரு நிமிடம் விடு என்று. சரியான புத்திமதி. ஆனால் கொட்டாவையில் இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் அது தானாகவே ஒரு மணிநேரம் ஆறிவிடும்.

அடுத்தது ஒயில். "இங்க சூடு கூட, தடிப்பான ஒயில் போடுவம்" என்று சொல்லாத சேர்விஸ் நிலையம் ஒன்றை நான் இன்னும் காணவில்லை. பழைய இஞ்சினுக்கு அது ஓரளவு சரி. ஃபோர்டின் அந்த இஞ்சினுக்குக் கம்பெனி சொன்னது 5டபிள்யூ-20, அதுவும் 948-பி என்று முடியும் தனித் தர எண்ணோடு. பெஜோவுக்கு 0டபிள்யூ-30, பி71 2312. ஒயில் கட்டியா நீர்ப்பா என்பதோடு விஷயம் முடிவதில்லை. உள்ளே கலந்திருக்கும் இரசாயனம் அந்த ரப்பரோடு ஒத்துப்போக வேண்டும், அதற்காகத்தான் இந்தத் தர எண்கள். இன்னொன்றும் உண்டு. சின்ன டேர்போக்களில் குறைந்த சுற்றில் அழுத்தி மிதிக்கும்போது பிளக் பொறி விழுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டனே உடையலாம். அதைக் குறைக்கத்தான் 2018இல் எஸ்.என். பிளஸ், 2020இல் எஸ்.பி. என்ற, அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் (ஏ.பி.ஐ.) ஒயில் தரங்கள் வந்தன. பேரலில் இருந்து ஊற்றித் தரும் ஒயிலில் இதில் எது இருக்கிறது என்று கேட்டால், "நல்ல ஒயில் மிஸ்" என்பதுதான் பதில்.

பெற்றோலும் அப்படித்தான். மூடியைத் திறந்தால் உள்ளே ஒக்டேன் (பெற்றோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் அளவு) 95 என்று ஒட்டியிருக்கும் ஐரோப்பியக் காருக்குப் பலர் 92 அடிக்கிறோம். இஞ்சின் தட்டல் ஓசையை உணர்ந்து பொறியைப் பின்தள்ளித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும், பலம் குறையும், வெளியேறும் புகை இன்னும் சூடாகும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் பங்கீட்டில் வாரத்துக்கு 20 லீட்டர் கிடைத்த நாட்களில் யார் ஒக்டேன் பார்த்தது? அந்த வருடம் ஒயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதவர்களும் குறைவு. அந்தக் கார்கள்தான் பிறகு கைமாறின. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் இருந்த ஐந்து வருடமும் இருந்த கார்களையே சுற்றிச் சுற்றி விற்றோம். ஒயில் பெல்ட் உள்ள 2017, 2018, 2019ஆம் ஆண்டுக் கார்கள் எல்லாம் இப்போது ஆறு வயதைத் தாண்டிவிட்டன. ஃபோர்ட் ஆரம்பத்தில் அந்த பெல்ட்டுக்குச் சொன்ன ஆயுள் 10 வருடம் அல்லது 240,000 கிலோமீற்றர். அந்தக் கணக்கை நம்பிக்கொண்டு இருக்கிறவர்கள் தயவுசெய்து ஒருதரம் ஒயில் தட்டைக் கழற்றிப் பார்க்கட்டும்.

என் பக்கத்துப் பிழையையும் ஒளிக்க மாட்டேன். மூன்று கிழமையாக, சிவப்பு விளக்கில் நிற்கும்போது டாஷ்போர்டில் ஒயில் படம் ஒன்று கண் சிமிட்டும். மிதித்தால் போய்விடும். "சென்சரா இருக்கும்" என்று ஒருவர் கணினியைப் பொருத்தி அழித்துவிட்டார். நானும் நம்பினேன், நம்ப விரும்பினேன். நிற்கும்போது பம்ப் மெதுவாகச் சுற்றும், அடைபட்ட வடியினூடாக ஒயில் வராது, அமுக்கம் விழும். மிதித்ததும் வரும். இவ்வளவுதான் விஷயம். முதல் நாளே நிறுத்தியிருந்தால் பெல்ட்டோடு போயிருக்கும். டேர்போவும் சேர்ந்து போனது. பஞ்சிகாவத்தையில் கேட்டால் பாவித்த டேர்போ கிடைக்கும், ஆனால் அது எந்த இஞ்சினில் எப்படிச் செத்தது என்று யாருக்கும் தெரியாது. புதிதாகவே வரவழைத்தேன். மொத்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறேன். அதை இங்கே எழுதினால் என் அம்மா வாசித்துவிடுவார்.

இனி விற்றவரின் பதில். போன் எடுத்துச் சொன்னேன். கோபப்படவில்லை, சிரித்தார். "மிஸ், எனக்கும் செயின் என்டுதான் சொல்லித் தந்தாங்க. நாங்க இஞ்சினைக் கழட்டிப் பார்த்தா விக்கிறது?"

யோசித்துப் பார்த்தால் அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு விற்றவருக்கும் தெரிந்திருக்காது. இந்தக் காரைப் பற்றிய மிக முக்கியமான ஒரு வரி, கப்பலில் இருந்து என் வீட்டு வாசல் வரை நான்கு கை மாறி, ஒருவர் கையிலும் இருக்கவில்லை.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உங்களுக்குப் பொருளை விற்பவர்மீது பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தைப் 10ஆம் பிரிவில் தருகிறது. அரிசிப் பைக்கும் பிஸ்கட் பக்கெட்டுக்கும் என்ன எழுத வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். பிஸ்கட்டைவிடப் பல்லாயிரம் மடங்கு விலையான பொருளுக்கு அப்படி ஒன்றை நான் காணவில்லை. நிகழ்ந்த பிறகு முறைப்பாடு செய் என்றால், 13ஆம் பிரிவின்படி விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒயில் பெல்ட் மூன்று மாதத்தில் உதிர்வதில்லை. அது இரண்டு வருடம் பொறுத்திருந்து உதிரும்.

நான் கேட்பது ஒரு தாள். விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு டேர்போ பெற்றோல் காரின் முன்கண்ணாடியிலும், விலைக்குப் பக்கத்தில், ஒட்டப்பட வேண்டிய ஒரு தாள். அதில் இஞ்சினின் குறியீட்டு இலக்கம். செயினா, உலர் பெல்ட்டா, ஒயில் பெல்ட்டா. பெல்ட் என்றால் எத்தனை கிலோமீற்றர் அல்லது எத்தனை வருடம், எது முந்தியோ அது, கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, தெரியாவிட்டால் "தெரியாது" என்று எழுதிக் கையொப்பம். கம்பெனி சொன்ன ஒயிலின் முழுத் தர எண். ஒக்டேன். மூன்று மொழியிலும். ஜப்பானில் இருந்து வரும் காரின் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும். அதை யாரும் வாசிப்பதில்லை, வாகனப் பெட்டியில் டிஷுப் பெட்டிக்குக் கீழே கிடக்கும். இந்தத் தாளையாவது தமிழில் தாருங்கள்.

அப்படி ஒரு தாளில் "செயின்" என்று எழுதிக் கையொப்பம் வைத்து, உள்ளே ஒயில் பெல்ட் இருந்தால், அது 30ஆம் பிரிவு சொல்லும் ஏமாற்று நடத்தை. வாய்ச்சொல்லை நிரூபிக்க முடியாது, தாளை நிரூபிக்கலாம். நேர்மையான வியாபாரிக்கும் இது பாதுகாப்பு. என் வியாபாரிக்கு அந்தத் தாள் இருந்திருந்தால் அவரும் தனக்கு விற்றவரைக் கேட்டிருப்பார், அவர் இன்னொருவரைக் கேட்டிருப்பார்.

கூடவே இன்னொன்று. உற்பத்தியாளர் வெளிநாட்டில் ஒரு இஞ்சினைத் திருப்பி அழைத்தாலோ உத்தரவாதத்தை நீட்டினாலோ, அதே இஞ்சின் இங்கே ஓடுகிறவர்களுக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும். முகவர் மூலம் வந்த காருக்கு முகவர் சொல்லலாம். தனியார் இறக்குமதியில் வந்ததற்கு யார் சொல்வது? நாரஹேன்பிட்டியில் மோட்டார் வாகனத் திணைக்களத்திடம் இஞ்சின் இலக்கம், உரிமையாளர் பெயர், விலாசம் எல்லாம் இருக்கிறது. உங்கள் இரண்டு அலுவலகமும் பேசினால் ஒரு குறுஞ்செய்தி போதும்.

வடியில் இருந்த தூளை நானா கொட்டிவிடப் போனார், நான் விடவில்லை. ஒரு ஜாம் போத்தலில் போட்டு மூடி, வாங்கிய திகதியையும் கழற்றிய திகதியையும் ஒட்டி வைத்திருக்கிறேன். விசாரணைக்கு என்று கூப்பிட்டால் எந்த வேலை நாளிலும் கொண்டு வருவேன். காலி வீதி நெரிசலைப் பார்த்தால், பத்து மணிக்குப் பிறகு நேரம் தந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில் இருந்து ஒரு கார்க்காரி